ஆடு மாடு வாய் வைக்காத செடி

ஜூன் 4

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பவர் நம் நர்சரி வேன் டிரைவர். தங்கமான மனிதர். ஆனால் செடியை இறக்கச் சொன்னால் சிமென்ட் மூட்டை இறக்குகிற மாதிரி இறக்குவார். முதலில் ஒரு டீ கொடு, அப்புறம் பக்கத்திலேயே நின்று அதட்டு.

போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று கேட்காதே. இடது காது முழுசாகப் போய்விட்டது, வலது காதும் போகட்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறது. நேற்று நீ "மண்ணும் வேணுமா" என்று கேட்டது எனக்கு "பொண்ணு வேணுமா" என்று விழுந்து, நான் "இந்த வயசுலயா" என்று சொல்ல, உன் அண்ணி இன்னும் சிரிப்பை நிறுத்தவில்லை. எழுத்தில் அந்த வம்பு இல்லை.

ரோஜா மூன்று, செம்பருத்தி இரண்டு, மல்லிகை ஒன்று. தெருப்பக்கச் சுவரை ஒட்டி வைக்க எட்டு அரளி, சிவப்பு பாதி, வெள்ளை பாதி. எல்லாம் இடுப்பு உயரம் வளர்ந்தவை. லாரித் தூசி கூடத்துக்குள் வருகிறது என்றாயே, இவை அதைத் தடுக்கும். தண்ணீர் கேட்காது, உரம் கேட்காது, கோபித்துக்கொள்ளாது.

"வீட்ல நாய் இருக்கு, என் பொண்ணு வாலு இருக்கா, அரளி வைக்கலாமாண்ணா?" என்று கேட்டிருந்தாய். விதை ஆகாது, அது ஊருக்கே தெரியும். காய் விட்டால் கிள்ளிப் போட்டுவிடு. மற்றபடி ஆடு மாடு வாய் வைக்காத செடி அது. அத்தனை கசப்பு. எது ஆகும், எது ஆகாது என்று வாயில்லா ஜீவனுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். பயப்படாமல் வை.

வாலுவிடம் சொல், ஊஞ்சலுக்குப் புதுக் கயிறு மாற்றியாகிவிட்டது. லீவு விட்ட மறுநாளே அவள் இங்கே இருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டில் சத்தம் என்பதே அவள் வந்தால்தான்.

உன் அண்ணன்


ஜூலை 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

செடியெல்லாம் பிடித்துக்கொண்டன. ஒரு ரோஜா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறது. அரளி எட்டும் இப்போதே பூவாகக் கொட்டுகிறது. தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள். உன் மாப்பிள்ளை நிலம் அளக்கும் வேலையில் மாதத்தில் இருபது நாள் வெளியே இருப்பவர், போன வாரம் வந்தவர் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

நாய்க்குப் பெயர் வைத்தாயிற்று. வாலு நான்கு நாள் யோசித்து வைத்த பெயர் 'கூரியர்'. எதை எறிந்தாலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்து கேட்கிற மாதிரி நின்று பார்க்கிறான். நேற்று எதிர்வீட்டு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரின் செருப்பை டெலிவரி செய்தான். ஒற்றைச் செருப்பு. அவர் மற்றொன்றைப் போட்டுக்கொண்டு வந்து வாங்கிப்போனார். நான் சிரிப்பை அடக்க உள்ளே ஓடினேன்.

ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் ஆள் பற்றாக்குறை. எட்டு மணி நேரம் நின்று சீட்டைப் படித்து, மாத்திரையைப் படித்து, மறுபடி சீட்டைப் படித்து... வீட்டுக்கு வந்தால் பால் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிக்கிறேன். கூரியர் வந்ததிலிருந்து வாலு சாயங்காலம் என்னைத் தேடுவதில்லை. அது ஒரு பக்கம் நிம்மதி, ஒரு பக்கம் வருத்தம்.

அண்ணியைக் கேட்டதாகச் சொல். காதைப் போய் டாக்டரிடம் காட்டு.

உன் தங்கை


மார்ச் 12

அண்ணன் அவர்களுக்கு,

கூரியர் திங்கட்கிழமை காலை ஒன்பதேகால் மணிக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். அரளி விஷம் என்று டாக்டர் சொன்னார். இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுபோயிற்று.

நீங்கள் கொடுத்த செடி. வீட்டில் நாய் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்கினேன். பயப்படாமல் வை என்று நீங்கள் எழுதிய கடிதம் மேஜை டிராயரில் இருக்கிறது.

எட்டுச் செடியையும் வேரோடு எடுக்க ஆள் சொல்லியிருக்கிறேன். வாலு லீவுக்கு அங்கே வரமாட்டாள். போன் செய்ய வேண்டாம், எடுக்க மாட்டேன்.

தங்கை


மார்ச் 17

அன்புள்ள தங்கச்சிக்கு,

கடிதத்தை அண்ணிதான் பிரித்தாள். படித்துவிட்டு என்னிடம் நீட்டினாள். படித்த பிறகு நான் போய் நர்சரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். ரோஜா வாங்க வந்த ஒருவர் கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

என்னை 'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். உனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து நீ என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை. 'போடா' என்றிருக்கிறாய். ஒரு தடவை டிபன் பாக்ஸை என் தலையில் எறிந்திருக்கிறாய். இதைவிட அது வலிக்கவில்லை. ஆனால் வலிக்கட்டும், வாங்க வேண்டியவன்தான்.

உன்னிடம் ஒன்று மறைத்திருக்கிறேன். அந்த அரளி உனக்காக வளர்த்தது இல்லை. புதுச் சாலையின் நடுவில் வைக்க என்று இருநூறு செடி கேட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் வளர்த்த பிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள். பைக்குள் வேர் சுற்றிச் சுற்றிக் கிடந்தன. யாராவது எடுத்துக்கொண்டு போனால் இடமாவது மிஞ்சும் என்று நான் இருந்த நேரத்தில் நீ சுவரோரத்துக்குச் செடி கேட்டாய். "நாய் இருக்கே" என்று நீ கேட்டபோது நான் நாயை நினைக்கவில்லை. வேனில் எத்தனை செடி ஏறும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்த அவசரத்தில் எழுதிய பதில் அது.

செடியை எடுக்கிறவர்களிடம் கையுறை போடச் சொல். வெட்டியதைக் கொளுத்த வேண்டாம், அந்தப் புகையும் ஆகாது. குழி தோண்டிப் புதைக்கட்டும்.

பார்த்தாயா, புகை ஆகாது என்பதுவரை எனக்குத் தெரிந்திருக்கிறது. ஜூன் மாதம் மட்டும் தெரியவில்லை.

ஒரே ஒன்று புரியவில்லை. அந்த இலையை ஒரு தடவை கடித்த எந்தப் பிராணியும் துப்பிவிடும். கூரியர் அதை எப்படித் தின்றான்? கேள்வி கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் மனம் அதையே சுற்றி வருகிறது.

வாலு சாப்பிடுகிறாளா?

உன் அண்ணன்


ஏப்ரல் 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. எதிர்பார்த்து எழுதவில்லை. நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று சொல்லத்தான் இது.

இங்கே இருக்கிற கால்நடை டாக்டரம்மாவைப் போய்ப் பார்த்தேன். கையில் நோட்டோடு, என் நர்சரியில் இருக்கிற அத்தனை செடியின் பெயரையும் எழுதிக்கொண்டு. "உங்க மாடு எங்கே?" என்று கேட்டார். "மாடு இல்லைங்க, சந்தேகம்தான் இருக்கு" என்றேன். ஒரு மணி நேரம் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படிக் குனிந்து எழுதியதில்லை.

ரோஜா, செம்பருத்தி, சூரியகாந்தி, மல்லிகை, இவற்றால் பயமில்லை. முள் குத்தினால் உண்டு. பூனை இருக்கிற வீட்டில் லில்லி கூடவே கூடாதாம். இதழைத் தின்னக்கூட வேண்டாம், பூவின் மஞ்சள் மகரந்தத் தூள் உடம்பில் ஒட்டி, அதைப் பூனை நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூ வைத்த ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் அப்படித்தான். செவ்வந்தி, நித்தியகல்யாணி, உண்ணிச்செடி, செங்காந்தள் கிழங்கு என்று பட்டியல் போய்க்கொண்டே இருந்தது. அத்தனையும் நான் இருபத்தாறு வருஷமாகச் சிரித்துக்கொண்டே விற்றவை.

வாசலில் ஒரு போர்டு எழுதி மாட்டிவிட்டேன். 'உங்கள் வீட்டில் நாய், பூனை உண்டா? வாங்குமுன் கேளுங்கள்' என்று. மூன்று வரிசையாகச் செடிகளைப் பிரித்து, ஆகாததற்குச் சிவப்புத் துணி கட்டினேன். வியாபாரம் படுத்துவிட்டது. நேற்று ஒரு அம்மா லில்லித் தொட்டி இரண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வீட்ல பூனை இருக்குங்களா?" என்றேன்.

"இருக்கு, அதுக்கென்ன?"

"அப்ப இது வேண்டாங்க. பூனை செத்துரும்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏங்க, நீங்க செடி விக்கிறீங்களா, ஜோசியம் சொல்றீங்களா?" என்றார். தொட்டியை டொக்கென்று வைத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணி, "இப்படியே போனா நாம ரெண்டு பேரும் சிவப்புத் துணியைத்தான் கட்டிக்கணும்" என்கிறாள். அவள் சிரிப்பது எனக்காக. எனக்குத் தெரியும்.

போர்டு மாட்டினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. யாரோ ஒருவருடைய பூனைக்காக நான் கேட்கிற கேள்வியை, கூடப் பிறந்தவள் தானாக வந்து கேட்டபோது கேட்டுக்கொள்ளவில்லையே என்றுதான் ஒவ்வொரு தடவையும் தோன்றுகிறது.

வாலுவுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. மாமா தப்புச் செய்துவிட்டேன் என்று சொல். அவ்வளவுதான்.

உன் அண்ணன்


ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

இத்துடன் வாலு எழுதியது இருக்கிறது. அவளே எழுதி, அவளே உறை ஒட்டி, "தபால்ல போடு" என்று கொடுத்தாள். இரண்டு நாள் என் கைப்பையிலேயே கிடந்தது. "போட்டியா, போட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அனுப்புகிறேன்.

தங்கை

     மாமாவுக்கு,
     நீங்க அனுப்பின செடியாலதான் கூரியர் செத்துப்போச்சு. அம்மா டாக்டர்கிட்ட சொன்னாங்க. உங்களுக்கு எல்லாச் செடியும் தெரியும்னு சொல்வீங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. நான் உங்க வீட்டுக்கு இனிமே வரமாட்டேன். ஊஞ்சல் எனக்கு வேண்டாம், வேற யாருக்காவது குடுத்துடுங்க. அத்தை மட்டும் எனக்கு லெட்டர் போடலாம். நீங்க போடாதீங்க.


ஏப்ரல் 16

அன்புள்ள தங்கச்சிக்கு,

வாலுவின் கடிதம் வந்தது. எழுத்து எவ்வளவு அழகாகிவிட்டது! போன வருஷம்வரை வரியெல்லாம் மலையேறிக்கொண்டிருக்கும். அவள் போடாதீங்க என்று சொன்னதால் நான் அவளுக்கு எழுதவில்லை. அண்ணி எழுதுவாள்.

இந்த வாரம் ஒன்று நடந்தது, சொல்கிறேன். மோட்டார் ரிப்பேர் செய்கிறவர் தன் நாயோடு வந்திருந்தார். இங்கே மிச்சம் இருந்த அரளியை எல்லாம் வெட்டிக் குவித்திருந்தேன், புதைப்பதற்கு. அவர் மோட்டாரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த நாய் நேராகப் போய், குவியலிலிருந்து கட்டை விரல் பருமனில் ஒரு குச்சியை உருவிக் கவ்விக்கொண்டு, வாலை ஆட்டிக்கொண்டு என்னைப் பார்த்து ஓடிவந்தது. எறி என்கிறது. நான் போட்ட கூச்சலில் ரிப்பேர்காரர் ஸ்பேனரைக் கீழே போட்டுவிட்டார். குச்சியைப் பிடுங்கி, குழாயைத் திறந்து அதன் வாயைக் கழுவி, டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பி... நல்லவேளை, கடிக்கவில்லை. பிழைத்துக்கொண்டது.

அதன் பிறகு நான் குவியலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஆடு மாடு இலையைத் தின்னாது. சரிதான். ஆனால் நாய் குச்சியைத் தின்பதற்காகவா கவ்வுகிறது? யாராவது எறிந்தால் கொண்டுவந்து கொடுப்பதற்காகக் கவ்வுகிறது. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

கூரியர் அதை எப்படித் தின்றான் என்று உன்னிடம் கேட்டிருந்தேன். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். நீ எனக்கு எதுவும் விளக்க வேண்டாம். வீட்டில் யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவும் வேண்டாம். செடி நான் கொடுத்தது. பயப்படாதே என்றது நான். அது என் தலையிலேயே இருக்கட்டும். என் தலை பெரிது, நீயே சின்ன வயதில் சொல்லியிருக்கிறாய்.

வாலுவுக்கு ஒன்பது வயது. அவள் என்மேல் கோபமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

உன் அண்ணன்


ஏப்ரல் 20

அண்ணா,

ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஸ்டோர் ரூமில் மருந்துப் பெட்டிகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. வீட்டில் வைத்து இதை எழுத முடியாது.

நீ கண்டுபிடித்துவிட்டாய். கண்டுபிடித்துவிட்டு என்னைக் காப்பாற்றவும் பார்க்கிறாய். உன் கடிதத்தைப் படித்துவிட்டு நேற்று இரண்டு பேருக்கு மாத்திரையை மாற்றி எடுத்து வைத்துவிட்டேன். கொடுப்பதற்கு முன்பு பார்த்துவிட்டேன். பதினாலு வருஷத்தில் இப்படி ஆனதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அரளி தெருப்பக்கம் சாய்ந்துவிட்டது, நடக்க வழியில்லை என்று ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை சொல்லிவிட்டார். உன் மாப்பிள்ளை ஊரில் இல்லை, வேலையாளும் வரவில்லை. நானே கத்தரி எடுத்துக்கொண்டு வெட்டினேன். வெயில். அன்றைக்கு மறுநாள் ஸ்டாக் சரிபார்க்க மேலதிகாரி வருவதாக இருந்தது, லிஸ்ட் முடிக்கவில்லை. வாலு, "அம்மா போரடிக்குது, அம்மா போரடிக்குது" என்று சுற்றிச் சுற்றி வந்தாள். அவளுடைய பந்து சாக்கடையில் போய்விட்டிருந்தது.

"இந்தா, இதை வெச்சு விளையாடு. என்னைக் கொஞ்ச நேரம் விடு" என்று சொல்லி, வெட்டிப் போட்டதில் நேரான குச்சியாக ஒன்றைப் பார்த்து எடுத்து, அவள் கையில் கீறிவிடக் கூடாதே என்று இலையெல்லாம் உருவி, நான்தான் அண்ணா கொடுத்தேன். என் கையால்.

ஒரு மணி நேரம் விளையாடினார்கள். அவள் எறிய, அவன் கொண்டுவர. அவள் சிரித்த சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாடா, வேலை நடக்கிறது என்று நினைத்தேன். கடைசியில் அவன் குச்சியைக் கொடுக்காமல் படுத்துக்கொண்டு பட்டையை உரித்து மென்றுகொண்டிருந்தானாம். அவள் சொன்னாள்.

ஏழு மணிக்கு வாந்தி எடுத்தான். வாந்தியில் பச்சைப் பட்டை நார் நாராக இருந்தது. நான் பார்த்தேன். ஒரு நிமிஷம் கை நின்றது. பிறகு பக்கெட் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.

இதயத்துக்குத் தருகிற ஒரு மாத்திரை எங்கள் கவுன்டரில் மூன்றாவது தட்டில் இருக்கிறது. அரளியில் இருக்கிற விஷம் அந்த மருந்துக்கு நெருங்கிய சொந்தம்தான். இதை நான் காலேஜில் படித்திருக்கிறேன். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். நீ ஜூன் மாதம் எழுதியதைப் படித்தபோதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அண்ணன் சொல்லிவிட்டான், வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். வாந்தியைக் கழுவும்போதும் அதையேதான் சொல்லிக்கொண்டேன். ஆடு மாடு வாய் வைக்காத செடி, ஒன்றும் ஆகாது, காலையில் பார்க்கலாம். வயிற்றுக்கான பவுடரைக் கரைத்துப் புகட்டிவிட்டு லிஸ்ட்டைப் போய் முடித்தேன்.

காலையில் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

டாக்டர், "குச்சி, கிளை எதையாவது கடிச்சுதா?" என்று கேட்டார். வாலு என் பக்கத்தில் நின்றிருந்தாள். "நாங்க..." என்று வாயைத் திறந்தாள். நான் குறுக்கே புகுந்து, "வாசல்ல அரளி இருக்கு டாக்டர். எங்க அண்ணன் அவர் நர்சரியிலேருந்து குடுத்தது. அதைத் தின்னிருக்கும்" என்றேன். மூச்சு விடாமல் சொன்னேன். யோசித்துச் சொன்னதாகக்கூட ஞாபகம் இல்லை.

குழந்தைக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு மாதமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பாதிதான். மீதிப் பாதி, டாக்டர் என்னைப் பார்த்து "நீங்க பார்மசிஸ்ட் இல்லையா?" என்று கேட்டுவிடக் கூடாதே என்பதற்காக.

அப்புறம் ஒரு நாள் வாலு கேட்டாள். "நான் எறிஞ்ச குச்சி அந்தச் செடியோடதாம்மா?" என்று. "இல்லடா, அது வேற குச்சி" என்றேன். அந்த வார்த்தையை அவள் அப்படியே நம்பிவிட்டாள்.

பிறகு உனக்குக் கடிதம் எழுதினேன். நீங்கள் என்று எழுதினேன். நீ என்று எழுதினால் பொய் சொல்ல வரவில்லை.

தங்கை


ஏப்ரல் 24

அன்புள்ள தங்கச்சிக்கு,

படித்தேன். மறைக்காமல் சொல்கிறேன். வாந்தியைக் கழுவினேன் என்ற இடத்தில் எனக்குக் கோபம் வந்தது. ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன். மறுநாள் காலையில் உன்னுடைய பழைய கேள்வி ஞாபகம் வந்தது. அதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லியிருந்தால் அந்தச் செடியே அங்கே இருந்திருக்காது. கோபம் எங்கே போவது என்று தெரியாமல் திரும்பி என்னிடமே வந்துவிட்டது.

நாம் இரண்டு பேரும் விஷயம் தெரிந்தவர்கள். இரண்டு பேரும், அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டோம். பாவம், அவன் நம் இரண்டு பேரையும் நம்பினான்.

என் பேச்சைக் கேள். வாலுவிடம் எதுவும் சொல்லாதே. 'வேற குச்சி' என்றது வேறு குச்சியாகவே இருக்கட்டும். பெரியவளானதும், ஒரு பதினைந்து வயதில், அப்போது சொல். இப்போது சொன்னால் உன்னைக் கேட்பாள், பிறகு தன்னையே கேட்டுக்கொள்வாள். என்மேல் கோபமாக இருப்பது அவளுக்குச் சுலபம். மாமா தூரத்தில் இருக்கிறவன். அம்மா அப்படியா?

அண்ணி அவளுக்கு எழுதியிருக்கிறாள். ஊஞ்சலை யாருக்கும் கொடுக்கவில்லை.

உன் அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை உன் மாப்பிள்ளை கையில் கொடுத்தனுப்புகிறேன். அவரோடு வாலுவும் வருகிறாள். வாசலில் அவளைப் பார்த்து நீ குழம்பக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். முதலில் இதைப் படித்துவிடு.

உன் பேச்சைக் கேட்கவில்லை. சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை காலை. அவளுக்கு டிராயிங் கிளாஸ். தலை பின்னிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கம் முடிந்திருந்தது. அப்போது அவள் ரொம்பச் சாதாரணமாக, "அம்மா, மாமாவை போலீஸ் பிடிக்குமா?" என்று கேட்டாள். "எதுக்கு?" என்றேன். "கூரியரைக் கொன்னதுக்கு." கேலியாகக் கேட்கவில்லை அண்ணா. பல நாள் யோசித்துக் கேட்கிறாள். பயமும் இருக்கிறது, பிடித்தால் நல்லது என்றும் இருக்கிறது. அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்தேன். உனக்குத் தலை பெரிதாக இருக்கலாம். ஆனால் அவள் ஒன்பது வயதில் ஒருவரை வெறுக்கப் பழகிக்கொண்டிருக்கிறாள், அதுவும் தப்பான ஆளை. இதற்கு ஆறு வருஷம் என்னால் காத்திருக்க முடியாது.

"மாமா இல்லடா. அந்தக் குச்சி அந்தச் செடியோடதுதான். உனக்கு எடுத்துக் குடுத்தது நான்" என்றேன்.

அவள் திரும்பவில்லை. கண்ணாடி வழியாகவே என்னைப் பார்த்தாள்.

"வேற குச்சின்னு சொன்னே?"

"பொய் சொன்னேன்."

"உனக்குத் தெரியுமா, அது விஷம்னு?"

"தெரியும். அன்னைக்கு யோசிக்கலை."

"அப்ப எறிஞ்சது நான்தானே?"

இந்தக் கேள்விக்குத்தான் நான் ஒன்றரை மாதமாகப் பயந்தேன். "நான் குடுத்ததைத்தான் நீ எறிஞ்சே. குடுத்தவ மேலதான் தப்பு. உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்" என்றேன். இது சரியான பதிலா என்று தெரியவில்லை. இதைவிடச் சரியாக ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை.

சீப்பை என் கையிலிருந்து வாங்கி மேஜைமேல் வைத்தாள். ஒரு பக்கம் பின்னலும் ஒரு பக்கம் விரித்த தலையுமாகவே கிளாஸுக்குப் போனாள். நான் தெருமுனைவரை பின்னாலேயே நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று நாளாக என்னோடு பேச்சில்லை. கேட்டால் தலையாட்டுகிறாள். சாப்பிட வைத்தால் சாப்பிடுகிறாள். நேற்று அவளுடைய அப்பாவிடம் பேசுவது போல எனக்கும் கேட்கிற மாதிரி, "நான் மாமா வீட்டுக்குப் போறேன்" என்றாள். உன் மாப்பிள்ளை, "மாமா மேல இருந்த கோபம் போயிடுச்சா?" என்று கேட்டார். "அது தெரியாது. எனக்கு இங்க இருக்கப் பிடிக்கலை" என்றாள். அவருக்கும் நான் அன்று இரவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

ஆகவே அவள் உன்னைத் தேடி வருகிறாள் என்று நினைத்துக்கொள்ளாதே. என்னை விட்டு வருகிறாள். உன்னிடமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். அது அவள் பாடு, உன் பாடு.

இரண்டு விஷயம் கேட்கிறேன். என்னைப் பற்றி அவள் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல். "அம்மா பாவம், வேலைக் களைப்பு" என்று எனக்காகப் பேசாதே. வழக்கம்போல எல்லாம் மாமாவால்தான் என்றும் ஆரம்பிக்காதே. உன் பங்கு உன் பங்கு, என் பங்கு என் பங்கு. ஆனால் எறிந்ததைப் பற்றி மறுபடி கேட்டால், நான் சொன்னதையே நீயும் சொல். எத்தனை தடவை கேட்டாலும் சொல்.

சிவப்புத் துணி கட்டிய வரிசையை அவளுக்குக் காட்டுவதா வேண்டாமா என்று நீயும் அண்ணியும் முடிவு செய்யுங்கள். எனக்கு இனி அதில் புத்தி சொல்லத் தகுதி இல்லை.

பையில் நான்கு உடுப்பு, டிராயிங் நோட்டு, தலைவலித் தைலம். தலை பின்ன அண்ணியிடம் கொடுப்பாள் என்று நினைக்கிறேன், என்னிடம்தான் கொடுப்பதில்லை.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் வருவேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாலும் என்னைப் பார்க்க மாட்டாள். பரவாயில்லை, பஸ் கிளம்பும்வரை நிற்பேன்.

அவளை எனக்கு எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதே. நீ எழுது. தினமும் வேண்டாம், முடிந்தபோது. பெரிய கடிதமாகவும் வேண்டாம். இன்றைக்குச் சாப்பிட்டாள், இன்றைக்குச் சிரித்தாள் என்று ஒரு வரி. சிரிக்கவில்லை என்றால் அதையும் எழுது.

உன் தங்கை